பொன்னாடையும் கோப்பும்

மலேசியத் தமிழர்க்கு வரவேற்பு விழா புதிதன்று. தோட்டத்துக் கோயில் திருவிழாவாயினும், பட்டணத்துச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டமாயினும், வரவேற்புரை என்று ஒன்று இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை. மேடையில் அமர்ந்திருப்போரின் பெயர்களும் பட்டங்களும் பிசகாமல் வரிசைப்படுத்தப்பெறும். ஒருவருடைய பெயர் விடுபட்டுப்போனால் அந்த மனக்குறை அடுத்த ஆண்டுக்கூட்டம் வரையில் நீடிக்கும். பிறகு மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், புகைப்படம். வந்தவரை முகமலர்ந்து ஏற்பது தமிழர் பண்பாடு. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதனைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆயினும், ஒரு சங்கத்தின் பொறுப்பிற்கு வருகிறவரை விருந்தினரைப்போல் வரவேற்பது முறைதானா? விருந்தினர் உண்டு, கை கழுவி, விடைபெற்றுப் போய்விடுவார். பொறுப்பேற்பவர் இலை எடுக்க வேண்டியவர் அல்லரோ?

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு பட்டணம். அங்கே கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில், சிறார்க்காகப் பரிந்து பேசும் சங்கம் ஒன்று இயங்கி வருகின்றது. கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கும் ஆலை. ஆலை ஓடும் நாள்களில் மேலே கூடுவோர் தும்மிக்கொண்டேதான் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. ஆதலால் செயலவைக் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே நடைபெறும்.

அச்சங்கம் தோன்றிய காரணத்தைச் சொல்லாமல் மேலே செல்வது பொருந்தாது. ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் பத்து வீடுகள் ஒரே கூரையின்கீழ் ஒட்டி இருந்தன. ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஒரு பிள்ளையை அளவுக்கு மீறி அடித்தால், எதிர் வரிசைக் கிழவி வந்து பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு போவாள். அவ்வாழ்க்கையைப் பொற்காலம் என்று பாடுவோர் உளர். அங்கும் கள்ளுக்கடை இருந்தது. அங்கும் குழந்தைகள் அடிபட்டன. பல கொடுமைகள் பெரிய கங்காணியின் ஒரு சொல்லோடு மூடப்பட்டன. எனினும் பார்க்கும் கண்கள் இருந்தன. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வீட்டுக்கு வீடு இரும்புக் கதவு. அதற்குப் பின்னால் மரக் கதவு. தந்தை இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் தொழிற்சாலைப் பேருந்து ஏறுவர். குழந்தையின் அழுகை தொலைக்காட்சியின் ஓசையோடு கலந்துவிடும். அந்த மூடிய கதவுகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மூவர்: அரசாங்க மருத்துவமனையில் நோயாளிகளின் நலப் பணியைக் கவனித்து வந்த ஓர் அம்மையார், ஒரு தமிழாசிரியர், ஒரு தோட்டக் கிராணியார். 1990களின் இறுதியில் அம்மூவரும் சங்கத்தைத் தொடங்கினர்.

விதிமுறைகளை எழுதுவதில் முதல் இடர்ப்பாடு ஒரு சொல்லால் வந்தது. குழந்தைக்கு உடையும் உணவும் தருவதற்குத் தமிழில் சொற்கள் நிறைய உண்டு. குழந்தைக்காக இன்னொருவரிடம் சென்று பேசுவதற்கு எந்தச் சொல்? 'வக்காலத்து' வழக்கில் உள்ளதுதான். ஆனால், 'அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?' என்று சண்டைதோறும் கேட்டுக் கேட்டு அச்சொல்லுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. தமிழாசிரியர் 'பரிந்துரை' என்றார். பரிந்து உரைத்தல், அதாவது இரக்கத்தோடு எடுத்துச் சொல்லுதல். அழகிய சொல், ஆயினும் வேலைக்கு மனுச் செய்கிறவனுக்குப் பெரிய மனிதர் எழுதித் தரும் கடிதத்தோடு சேர்ந்து அது தேய்ந்துபோயிற்று. இறுதியில் 'சிறார்க்காகப் பரிந்து பேசுதல்' என்று நீட்டியே எழுதிக்கொண்டனர். அந்தப் 'பேசுதல்' என்னும் சொல் பின்னாளில் தங்களையே சுடும் என்று அன்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆண்டுக்கூட்டம் முடிந்து, செயலவைக்குப் புதியவர் ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் வழக்கறிஞர், இளம்பெண்மணி. ஒருவர் லாரிப் போக்குவரத்து நிறுவன உரிமையாளர். ஒருவர் ஊரார் 'மிஸ்ஸி' என்றே அழைத்துப் பழகிய ஓய்வுபெற்ற தாதி. இன்னொருவர் கணக்காய்வு நிறுவனத்தில் பணியாற்றும் இளைஞர். ஐந்தாமவர் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். மறு ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர்களை வரவேற்கும் கூட்டம்.

லாரி உரிமையாளர் தம் தங்கை மகனைப் புகைப்படம் எடுப்பதற்காக அழைத்து வந்திருந்தார். அவன் கையில் கதவளவு பெரிய மாதிரிக் காசோலை ஒன்று; 5,000 வெள்ளி என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டது. படி குறுகலானதால் அதனைப் பக்கவாட்டில் சாய்த்து ஏற்றவேண்டியதாயிற்று. அவருடைய நல்ல மனத்தை யாரும் ஐயுற முடியாது. தோட்டத்தில் பிறந்து, லாரி உதவியாளாய் வேலை தொடங்கி, இன்று பதினான்கு லாரிகளுக்கு உரிமையாளராய் உயர்ந்தவர். கொடுக்கும்போது நாலு பேர் பார்க்கவேண்டும் என்று நினைப்பதில் அவருக்குத் தவறொன்றும் தெரியவில்லை. நாடு முழுவதும் அப்படித்தானே நடக்கிறது!

செயலாளர் அம்மையார் எழுந்தார். தொடங்கிய மூவருள் ஒருவர் அவர், அறுபத்தைந்தைக் கடந்தவர். பெயர் வரிசை சொல்லாமலேயே பேசலானார்.

"வந்த ஐவருக்கும் வணக்கம். பொன்னாடை வாங்கவில்லை, வருத்தப்படக் கூடாது. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கோப்பு தருகிறேன். எல்லாம் ஒரே கோப்பின் படிகள்தாம். அரைமணி நேரம் படியுங்கள். படித்ததும் என்னிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். அதன்பிறகு காப்பி குடிக்கலாம்."

சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி. அதன் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. பட்டையின் இரு முனைகளிலும் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி செயலாளரிடம் இருந்தது. மற்றொன்றைத் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்தவர் துணைத் தலைவரான கிராணியார். எழுபத்தெட்டு வயதில் அன்றோடு பொறுப்பிலிருந்து விலகுகிறவர். இருவரும் சேர்ந்து திறந்தால்தான் அலமாரி திறக்கும்.

கோப்பில் பெயர்கள் எல்லாம் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. பள்ளியின் பெயர், ஊரின் பெயர், அடுக்குமாடியின் எண், ஒன்றும் தெரியவில்லை. 'சிறுவன், வயது 10, ஆண்டு 2014' என்பது மட்டும் மேலட்டையில் இருந்தது.

முதல் தாள் வகுப்பாசிரியை ஒருவரின் குறிப்பு. வலக்கையால் எழுதும் மாணவன் ஐந்து நாளாக இடக்கையால் எழுதுகிறான் என்பது முதல் வரி. கேட்டதற்குப் படியில் விழுந்ததாகச் சொன்னான் என்பது இரண்டாம் வரி. சில நாள் கழித்து வேறு மையால் எழுதிய மூன்றாம் வரி ஒன்றும் இருந்தது: 'அவன் வீடு தரைத்தளம். அங்கே படி இல்லை.'

அந்த ஆசிரியை எப்படிப்பட்டவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், ஒருவன் எந்தக் கையால் எழுதுகிறான் என்பதைக் கண்டவர். கண்டதோடு நில்லாமல், பள்ளி விட்டபின் நடந்துபோய் அவன் குடியிருக்கும் கட்டடத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்.

அடுத்த தாள்களில் சட்டம் வேலை செய்த முறை தெரிந்தது. மருத்துவமனையில் எடுத்த ஊடுகதிர்ப் படம், மருத்துவர் சமூகநல இலாகாவுக்குத் தந்த தகவல், இலாகாவின் பாதுகாப்பாளர் சிறுவனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தியது, நீதிமன்றம் அவனைத் தாய்வழிப் பாட்டியின் பொறுப்பில் விட்டது. சங்கம் இதில் எங்கே வருகிறது? பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தாளையும் அவருக்குப் படித்துச் சொன்னது சங்கம். நீதிமன்றத்துக்கு வாடகை வண்டி பிடித்துக் கொடுத்தது. பள்ளி மாற்ற வேண்டாம், அந்த ஆசிரியையின் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று அலுவலகம் அலுவலகமாய் ஏறி வாதாடியது. பரிந்து பேசுதல் என்பதற்கு அந்தப் பக்கங்களே உரை எழுதின. மூன்று மாத வருகைப் பதிவேட்டின் படி ஒன்றும் இருந்தது. ஒரு நாளும் விடுப்பில்லை. கணிதத்தில் 38இலிருந்து 61.

அதற்குப் பின் ஒரு திருமணம் வந்தது. சிறுவனுக்கும் அத்திருமணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. செயலவை உறுப்பினர் ஒருவர் அத்திருமணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் சங்கத்தைப் பற்றி மதிப்போடு கேட்டார். உறுப்பினர் மனம் நெகிழ்ந்து, 'பாவம் ஒரு பையன்' என்று தொடங்கினார். பெயரைச் சொல்லவில்லை. பள்ளியைச் சொன்னார்; பாட்டி அப்பளம் போட்டு விற்பதைச் சொன்னார். அவ்வூரில் அப்பளம் போட்டு விற்கும் பாட்டி எத்தனை பேர்? பந்தியிலிருந்து பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குச் செய்தி வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. சிறுவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. அதுவும் கோப்பில் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தது. ஆசிரியை இருவரைக் கண்டித்தார். மறுநாள் பத்துப் பேர் அப்பெயரைச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டின் நான்காம் மாதத்துப் பக்கத்தில் எட்டாம் நாள் முதல் சிவப்புக் கோடுகள்.

பாட்டி ஒருநாள் இரவு அவனை அழைத்துக்கொண்டு தெற்கே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். இலாகாவின் கோப்பு வேறு மாநிலத்துக்கு மாறியது. சங்கத்தின் கைக்கு அது எட்டவில்லை. பழைய முகவரிக்கும் உறவினர் முகவரிக்கும் சங்கம் எழுதிய பதிவுக் கடிதங்கள் இரண்டும் திரும்பி வந்தன. கோப்பின் கடைசித் தாள் அந்த உறைகளின் படி. 'இடம் மாறிவிட்டார்' என்று மலாய்மொழியில் முத்திரை குத்தியிருந்தது.

அரைமணி நேரம் என்றார் அம்மையார். இருபது நிமிடத்தில் எல்லோரும் படித்து முடித்துவிட்டனர். மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாரி உரிமையாளருக்குச் சினம் பொங்கிற்று.

"அந்த உறுப்பினரை என்ன செய்தீர்கள் அம்மா? இன்னும் சங்கத்தில் வைத்திருக்கிறீர்களா?"

"இருக்கிறார், தம்பி" என்றார் கிராணியார். "நான்தான்."

சிறிது நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கிராணியார் மேலும் பேசுவதற்கு எழுந்தார். முழங்கால் வலியால் மேசையைப் பிடித்துக்கொண்டார். தாம் வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சிறுவனுக்குப் பள்ளிக் காலணி வாங்கிக் கொடுத்தவர் அவரே என்பதும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதனைப் பிறகு அம்மையார்தான் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவே: அன்று பந்தியில் தம் கண்ணில் நீர் நிறைந்திருந்தது, பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டி, 'நீங்கள் பெரிய மனிதர்' என்றார், அந்தச் சொல் இனிப்பாய் இருந்தது.

புறங்கூறுவோர் என்றால் பொறாமைக்காரர், பகைவர் என்றுதான் பலரும் எண்ணுவர். இரக்கமுடையவர் வாயிலிருந்து வரும் செய்தி அதைக் காட்டிலும் விரைவாய்ப் பரவும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பகைவன் சொன்னால் கேட்பவன் பாதி நம்பான். பரிவோடு சொன்னால் முழுதும் நம்பி, தானும் அதே பரிவோடு அடுத்தவரிடம் சொல்லிவிடுவான். ஒரு குழந்தையின் துன்பம் பத்துப் பேருடைய நல்ல மனத்துக்குச் சான்றிதழாய் மாறிவிடும். குழந்தையோ அதைக் கேட்டதும் இல்லை, கொடுக்கச் சம்மதித்ததும் இல்லை.

கிராணியார் அன்று பொறுப்பிலிருந்து விலகக் கடிதம் கொடுத்தாராம். அம்மையார் அதை வாங்கவில்லை. "போய்விட்டால் உங்களுக்கு எளிது" என்று சொல்லி, அலமாரிக்கு இரண்டாவது பூட்டு வாங்கி வந்து சாவியை அவர் கையில் கொடுத்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக அச்சாவி அவர் பையை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு முறை புதியவர் வரும்போதும் இந்தக் கோப்பையே முதலில் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே.

இது தண்டனையா, மன்னிப்பா என்று அங்கிருந்தோருக்கு விளங்கவில்லை. ஒருவேளை அம்மையாருக்கும் விளங்கியிராது. தவறு செய்தவரை வெளியேற்றித் தூய்மை அடைந்துவிட்டதாகக் கருதும் சங்கங்கள் உண்டு. ஒன்றுமே நடவாததுபோல் ஆண்டறிக்கை வாசிக்கும் சங்கங்கள் அவற்றினும் மிகுதி. தவற்றை அலமாரியில் பூட்டி, அதன் சாவியைத் தவறு செய்தவர் கையிலேயே கொடுத்துவைக்கும் துணிவு அரிது.

இளம் வழக்கறிஞர் ஓர் ஐயத்தை எழுப்பினார். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கில் தொடர்புடைய சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை நாளிதழும் வானொலியும் தொலைக்காட்சியும் வெளியிடக் கூடாதென்று தடுக்கின்றது. மீறினால் 10,000 வெள்ளி வரை தண்டமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். "ஆனால் பந்தியில் பேசுவதைப் பற்றி அதில் இல்லை, அம்மா" என்றார்.

"இல்லைதான். அதனால்தான் நமக்கு இந்த அலமாரி" என்றார் அம்மையார்.

சட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் இத்தகைய சங்கங்களின் வேலை தொடங்குகிறது. அச்சட்டமே எளிதில் வந்துவிடவில்லை. 1990ஆம் ஆண்டு கோலாலம்பூரில், மூன்று வயதும் நிறையாத ஒரு குழந்தை வீட்டில் பட்ட கொடுமையால் இறந்தது, நாடே கலங்கியது, மறு ஆண்டு, 1991இல், சிறார் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஐக்கிய நாட்டு மன்றம் 1989இல் ஏற்ற சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்தது. பழைய சட்டங்கள் மூன்றை ஒன்றாக்கிய சிறார் சட்டம் 2001இல் இயற்றப்பெற்று, 2002 ஆகஸ்டு முதல் நடப்புக்கு வந்தது. குழந்தைச் சாட்சிகள் குற்றவாளியின் முகம் பார்த்துப் பேச வேண்டாம் என்று திரைக்கும் ஒளிப்பதிவுக்கும் வழி செய்த சட்டம் 2007இல் வந்தது. சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்குத் தனிச்சட்டம் 2017இல் வந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் அழிக்கப்பட்ட கோப்புகள் உண்டு.

தலைமையாசிரியர் இதுவரை வாய் திறக்கவில்லை. அவர் கோப்பின் முதல் தாளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தம் பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அவர் அதை நிகழ்ச்சிப் பதிவேட்டில் அவள் சொன்னபடியே எழுதி, முதலுதவி செய்யச் சொல்லிவிட்டு, யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக் கூட்டத்துக்கு விரைந்துவிட்டார். குளியலறை எப்படி இருந்தது என்று அவர் போய்ப் பார்க்கவில்லை. அச்சிறுமி உண்மையிலேயே வழுக்கி விழுந்திருக்கலாம். அது இனித் தெரியப்போவதில்லை.

"ஆசிரியருக்குச் சட்டத்தில் என்ன கடமை இருக்கிறது?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

வழக்கறிஞர் விளக்கினார். சிறார் சட்டத்தின் 27, 28, 29ஆம் பிரிவுகள் மருத்துவர், குடும்பத்தார், ஊதியம் பெற்றுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வோர் ஆகியோர்மீது தகவல் தெரிவிக்கும் கடமையைச் சுமத்துகின்றன. ஆசிரியர் என்ற சொல் அத்தலைப்புகளில் இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ பாலியல் குற்றத்தைப் பொறுத்தவரை யாரையும் விடுவதில்லை. அதன் 19ஆம் பிரிவின்படி, அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவர் யாராயினும் 5,000 வெள்ளி வரை தண்டம் கட்ட நேரும். தகவல் தருவோரைக் காக்கவும் சிறார் சட்டத்தில் பிரிவு உண்டு. 15999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னாலும் போதும்.

"அப்படியானால் ஆசிரியர் அடித்த காயத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால்..."

"சட்டம் உங்களைப் பிடிக்குமா, பிடிக்காதா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம், ஐயா" என்றார் வழக்கறிஞர். தலைமையாசிரியர் அதற்குமேல் கேட்கவில்லை. தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மறுவாரம் அவர் பள்ளி நிகழ்ச்சிப் பதிவேட்டில் 'மாணவர் கூறிய காரணம்' என்னும் பத்திக்குப் பக்கத்தில் 'ஆசிரியர் நேரில் கண்டது' என்று ஒரு புதிய பத்தி கோடிடப்பட்டது.

எங்கே வாயைத் திறக்கவேண்டும், எங்கே மூடவேண்டும் என்னும் இவ்விரண்டும் ஒருங்கே தெரிந்தவரைத்தான் இத்தகைய செயலவைக்குத் தேட வேண்டியிருக்கிறது. இலாகாவிடம் பேசவேண்டும், பந்தியில் பேசக் கூடாது. பெரும்பாலோர் இதனைத் தலைகீழாய்ச் செய்கின்றனர். பந்தியில் முழங்கிவிட்டு அலுவலகத்தின் முகப்பு மேசையில் தலையைச் சொறிகின்றனர்.

பிறகு பொருளகம் பற்றிய பேச்சு. கணக்காய்வு இளைஞர் வங்கிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். காசோலையில் இருவர் கையொப்பம், உறவினரை வேலைக்கு வைப்பதில்லை, ஆண்டுக்கூட்டம் முடிந்த அறுபது நாள்களுக்குள் சங்கப் பதிவதிகாரிக்கு அறிக்கை என்பனவெல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அவரைத் தயங்க வைத்தது ஒரே செலவினம்: பிறப்புப் பத்திரம் தொடர்பான போக்குவரத்துச் செலவு, ஒரே பிள்ளைக்கு நான்கு ஆண்டு. "ஒரு பத்திரத்துக்கா?" என்றார்.

அம்மையார் சொன்னது பல ஆசிரியர்கள் அறிந்ததே. தந்தை மலேசியர், தாய் அயல்நாட்டவர். கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு செய்யவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் தேதி நடப்புக்கு வந்தபின், பதிவில்லாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் அன்று. ஆகவே பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை வாராது. தாயின் நாட்டைப் போய்க் கேள் என்பர். அவள் நாட்டிலோ அவனைப் பற்றி ஒரு தாளும் இல்லை. அவன் இங்கே பிறந்தவன், தமிழ்ப்பள்ளியில் படிக்கிறவன், எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லன். சிறார் உரிமை உடன்படிக்கையின் 7ஆம் விதி ஒவ்வொரு குழந்தைக்கும் பெயரும் நாட்டுரிமையும் உண்டென்கிறது. 1995இல் இணைந்தபோது மலேசியா ஒதுக்கிவைத்த விதிகளுள் அதுவும் ஒன்று. அரசியல் சாசனத்தின் 15ஏ பிரிவில் சிறப்புச் சூழ்நிலை கருதிப் பதிவு செய்ய வழி இருக்கிறது. மனுச் செய்யலாம், காத்திருக்கலாம், மறுத்தால் மீண்டும் மனுச் செய்யலாம். நான்கு ஆண்டுப் பேருந்துக் கட்டணம் அந்தக் காத்திருத்தலின் விலை. தோட்டக் கோயில்களில் மணம் முடித்து வைத்த பெரியவர்கள், தாலிக்குப் பின் பதிவு அலுவலகத்துக்கும் மணமக்களை அழைத்துச் சென்றிருந்தால் இத்தகைய கோப்புகளில் பல அலமாரிக்கே வந்திரா.

இளைஞர் அந்தச் செலவினத்தின்கீழ் ஒப்பம் வைத்தார்.

மாதிரிக் காசோலை இன்னும் சுவரில் சாய்ந்தே நின்றது. அதனை வாங்குவதுபோல் இரண்டு குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்பது லாரி உரிமையாளரின் எண்ணம். வரும் வழியிலேயே சொல்லியிருந்தார். இப்போது அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மையாரும் கேட்கவில்லை. காப்பி வந்தபோது மேசை போதாமற்போகவே, மிஸ்ஸி அப்பலகையை இரண்டு நாற்காலிகளின்மேல் கிடத்தி, வடைத் தட்டையும் காப்பிக் குவளைகளையும் அதன்மேல் வைத்தார். உரிமையாளர் சிரித்துவிட்டார். பிறகு கைப்பையிலிருந்து உண்மைக் காசோலையை எடுத்துப் பெயரும் தொகையும் எழுதிக் கணக்காய்வு இளைஞரிடம் கொடுத்து, "பற்றுச்சீட்டு மட்டும் தாருங்கள்" என்றார். தங்கை மகன் கீழே இறங்கிச் சென்று வண்டியில் உட்கார்ந்துகொண்டான்.

ஐந்து படிகளையும் அம்மையார் எண்ணி வாங்கினார். ஒருமுறை எண்ணியது போதாதென்று மறுமுறையும் எண்ணினார். கிராணியார் தம் பூட்டைப் பூட்டினார். சாவியை உடனே யாரிடமும் கொடுக்காமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியரிடம் கொடுப்பார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர்; அவருக்கு அது தகும். கிராணியார் லாரி உரிமையாளர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்களுக்குப் பேச்சு அதிகம். எனக்கும் அப்படித்தான். நீங்கள் வைத்திருங்கள்."

அம்மையாரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் தடுக்கவில்லை. உரிமையாளர் இரு கைகளாலும் அதனை வாங்கினார். கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் சற்றுக் குனிந்தே வாங்கினார். பதினான்கு லாரிகளின் சாவிகள் தொங்கும் வளையத்தில் அதனைக் கோக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, தனியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நண்பகல் ஆகியிருந்தது. கிராணியாரை மிஸ்ஸி கைப்பிடித்துப் படியிறக்கினார். பின்னால் உரிமையாளரும் தலைமையாசிரியரும் இறங்கினர். ஆலையின் கதவு மூடியிருந்தும் மிளகாய் நெடி படியெல்லாம் பரவியிருந்தது. கடைசிப் படிக்கு வந்தபோது உரிமையாளர் தலைமையாசிரியரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, நீங்கள் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் எல்லாம் வேலை பார்த்தவர். அந்தப் பையன் எந்த..."

அவர் கை தானாகவே சட்டைப் பைக்குச் சென்றது. பேச்சு அங்கேயே நின்றது. சற்று நேரம் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

"மழை வரும்போல் இருக்கிறது" என்றார் உரிமையாளர்.

தலைமையாசிரியர் அண்ணாந்து பார்த்தார். மார்ச்சு மாத வெயில்; வானத்தில் ஒரு மேகத் துணுக்கும் இல்லை.

"ஆமாம்" என்றார்.